பாங்காக் தெருக்கடையில் சாப்பிடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கில் சிலோம் சாலைப் பக்கம் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாடு பெரும்பாலும் தெருவோரக் கடைகளில்தான். ஊரிலிருந்து யார் சுற்றிப் பார்க்க வந்தாலும் முதல் இரண்டு நாள் கொண்டுவந்த முறுக்கையும் பிஸ்கட்டையும் வைத்து ஓட்டிவிட்டு, மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்வார்கள். “அந்தக் கடையில் போய் உட்காரலாமா? என்ன கேட்பது? எதில் என்ன போடுகிறார்கள்?” அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தெருக்கடை என்றால் தள்ளுவண்டியா, ஓட்டலா?

இரண்டும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அதிகம். ஒரு ஷட்டர் கடை, வாசலிலேயே அடுப்பு, உள்ளே ஐந்தாறு மடக்கு மேசைகள், பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் தலையாட்டும் மின்விசிறி. அடுப்பு வாசலில் இருப்பதால் சமையல் முழுக்க உங்கள் கண் முன்னே நடக்கும்.

இந்த வகைக் கடைக்கு அங்கே ‘ஆஹான் தாம் ஸங்’ என்று பெயர். சொன்னபடி செய்து தரும் சாப்பாடு என்று பொருள். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே எளிது. மீன் சாறு வேண்டாம், மிளகாய் ஒன்று போதும், முட்டை நன்றாக வேகட்டும் என்று என்ன சொன்னாலும் அந்தச் சமையல்கார அம்மா சலித்துக்கொள்ள மாட்டார். சொல்வதற்காகத்தான் அந்தக் கடை இருக்கிறது.

இது தவிர நூடுல்ஸ் மட்டும் விற்கும் கடை, குழம்பு வகைகளைத் தட்டுகளில் வரிசையாக வைத்திருக்கும் ‘காவ் கேங்’ கடை, பப்பாளிக்காய் இடித்துத் தரும் ஈசான் கடை, ஒரே ஒரு பண்டத்தை மட்டும் காலம் காலமாகச் செய்யும் கடை எனப் பல வகை உண்டு. ஒரு விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாணலியில் புதிதாகச் செய்வதை உங்களுக்காக மாற்றித் தருவார்கள். ஏற்கெனவே அண்டாவில் கொதித்துக்கொண்டிருப்பதை மாற்ற முடியாது. சைவக்காரர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் இதை மறக்கவே கூடாது.

பலகை முழுக்க தாய்லாந்து எழுத்து. எப்படிக் கேட்பது?

பலகையைப் படிக்கத் தேவையில்லை. வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் கோழி, பன்றி, இறால், கணவாய், கீரை எல்லாம் தட்டுத் தட்டாக இருக்கும். விரலால் காட்டி, ‘ஆவ் அன் நீ’ என்றால் ‘இது வேண்டும்’ என்று பொருள்.

கொஞ்சம் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது. செய்முறையை முதலில் சொல்லி, பிறகு இறைச்சியைச் சொல்வது வழக்கம். ‘காவ் பட்’ என்றால் வறுத்த சோறு. ‘பட் கப்ராவ்’ என்றால் துளசி போட்டு வறுத்தது. ‘பட் ஸீயூ’ என்றால் சோயா சாற்றில் வறுத்த அகல நூடுல்ஸ். அதன் பின்னால் ‘கை’ என்றால் கோழி, ‘மூ’ என்றால் பன்றி, ‘நுவா’ என்றால் மாடு, ‘குங்’ என்றால் இறால், ‘பிளா’ என்றால் மீன், ‘பூ’ என்றால் நண்டு, ‘தாவ் ஹூ’ என்றால் டோஃபு.

நம்மவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கோழியும் முட்டையும் தமிழ்க் காதுக்கு ஒரே ‘கை’தான். முட்டையைச் சொல்லும்போது ககரத்தோடு மூச்சையும் வெளியே தள்ள வேண்டும். இந்தி தெரிந்தவர்களுக்கு ‘கானா’வில் வரும் அந்த ஒலி. கோழிக்கு மூச்சு கூடாது. நான் போன முதல் வாரம் முழுக்கக் கோழிச் சோறு கேட்டேன், முட்டைச் சோறுதான் வந்தது. இதே சிக்கல் ‘பெட்’டிலும் இருக்கிறது. மூச்சு இல்லாமல் சொன்னால் வாத்து, மூச்சோடு சொன்னால் காரம். ஆகவே வாயால் சொல்லும்போதே கையாலும் காட்டிவிடுங்கள். தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. அதையெல்லாம் நான்கு நாள் பயணத்தில் பிடிக்க முடியாது, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சமைப்பவரை எப்படிக் கூப்பிடுவது?

உறவு சொல்லித்தான். இதில் நமக்குப் பழகவே வேண்டாம். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் ‘பீ’. அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரே சொல். இளையவர் என்றால் ‘நோங்’. அம்மாவைவிட மூத்தவராகத் தெரிந்தால் ‘பா’, பெரியம்மா. ஆண் என்றால் ‘லுங்’, பெரியப்பா. வாக்கியம் முடியும்போது ஆண்கள் ‘கிராப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் சேர்த்துக்கொள்வது மரியாதை. ‘பா கா’ என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், அந்த முகம் மலர்வது தெரியும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள், சத்தமும் போடாதீர்கள். அங்கே குரல் உயர்ந்தாலே கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கப்ராவ் என்பது நம் துளசிதானா?

ஆமாம், அதே செடிதான். மாடத்தில் வைத்துக் கும்பிடுகிற செடியை இறைச்சியோடு வறுக்கிறார்களே என்று என் அம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. மணத்தை முகர்ந்த பிறகு, “இதற்கு இப்படியும் ஒரு குணம் இருக்கிறதே” என்றார். அங்கே மூன்று வகைகளைச் சமையலில் தனித்தனியாகப் பயன்படுத்துகிறார்கள். வறுவலுக்குக் கப்ராவ். பச்சைக் குழம்புக்கு ‘ஹோரபா’, அது நம் திருநீற்றுப்பச்சையின் இனம். மூன்றாவது எலுமிச்சை மணம் உள்ள ‘மேங்லக்’, அதன் விதையைச் சப்ஜா விதை போல ஊறவைத்து இனிப்பில் போடுவார்கள்.

பட் கப்ராவ் செய்வதை ஒருமுறையாவது அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பூண்டையும் மிளகாயையும் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டுவார். அரைக்கக் கூடாது. வாணலியில் எண்ணெய் புகையும்போது அதைப் போட்டதும் தெருவே ஒரு தடவை இருமும். போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கொத்திய கோழியைப் போட்டுப் புரட்டி, மீன் சாறும் சிப்பிச் சாறும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்து, அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான் ஒரு கைப்பிடி துளசியை எறிவார். இலை துவண்டதும் நேராகச் சோற்றின் மேல். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஆகாது. ‘கை தாவ்’ என்று கேட்டால் மேலே ஒரு பொரித்த முட்டை வரும். ஓரம் பொன்னிறமாக முறுகி, நடுவில் மஞ்சள் கரு அசைந்துகொண்டிருக்கும். அந்தக் கருவை உடைத்துச் சோற்றோடு பிசைந்தால் பாதிக் காரம் அடங்கும்.

என்ன சாப்பிடுவது என்று தோன்றாத நாளில் அந்த ஊர்க்காரர்கள் கேட்பது இதைத்தான். முதல் நாள் நீங்களும் இதையே கேட்கலாம்.

நாங்கள் ஆந்திரா மிளகாயே தின்பவர்கள். அங்கே காரம் ஒரு பொருட்டா?

பொருட்டுதான். நம் சமையலில் மிளகாய் பெரும்பாலும் வெந்து, எண்ணெயிலும் புளியிலும் கரைந்து வருகிறது. அங்கே ‘பிரிக் கீ நூ’ என்ற பொடி மிளகாயைப் பச்சையாகத் தட்டிப் போடுகிறார்கள். எலிப் புழுக்கை மிளகாய் என்பதுதான் அந்தப் பெயரின் நேர்ப் பொருள். அளவில் அவ்வளவுதான் இருக்கும், ஆனால் காரம் நாக்கில் ஏறும் வேகம் வேறு.

‘மை பெட்’ என்றால் காரம் வேண்டாம். ‘பெட் நிட் நோய்’ என்றால் கொஞ்சமாகக் காரம். பப்பாளிக்காய்க் கடையில் எத்தனை மிளகாய் என்று கேட்பார்கள், விரலைக் காட்டினால் போதும். முதல் தடவை ஒரு விரல் காட்டுங்கள். எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள். வெள்ளரிக்காயோ வெறும் சோறோ நாலு வாய் சாப்பிடுங்கள், அடங்கும்.

மேசையில் நான்கு சின்ன ஜாடிகள் இருக்கின்றன. எதற்கு?

ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் வறுத்துப் பொடித்த மிளகாய், ஒன்றில் காடியில் ஊறிய மிளகாய், ஒன்றில் மீன் சாறு. இனிப்பு, காரம், புளிப்பு, உப்பு. குறிப்பாக நூடுல்ஸ் கடையில் கிண்ணம் உங்கள் முன்னால் வரும்போது சமையல் முக்கால்வாசிதான் முடிந்திருக்கும். மீதியை நீங்கள் முடிக்க வேண்டும். முதலில் ரசத்தை ஒரு கரண்டி அப்படியே குடித்துப் பாருங்கள். பிறகு அரைக் கரண்டி காடி, ஒரு சிட்டிகை மிளகாய்ப் பொடி, கொஞ்சம் சர்க்கரை.

நூடுல்ஸில் சர்க்கரையா என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள். போட்டுப் பாருங்கள். சாம்பாரில் வெல்லம் கிள்ளிப் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும். ஜாடியில் இருப்பதை எடுத்துக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டாம், தனிக் காசும் இல்லை. அந்தந்த ஜாடியின் கரண்டியை அந்தந்த ஜாடியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

கையால் சாப்பிடலாமா? குச்சி கேட்க வேண்டுமா?

சோற்றுக்குக் கரண்டியும் முள்கரண்டியும். வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டியால் சோற்றைக் கரண்டிக்குள் தள்ளி, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். முள்கரண்டியை வாயில் வைப்பது அங்கே வழக்கமில்லை. கத்தி கிடையாது, எல்லாமே வெட்டித்தான் வரும். ரசத்தோடு வரும் நூடுல்ஸுக்கு மட்டும் குச்சி. குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறையை நினைவூட்டும்.

கையால் சாப்பிட ஆசை என்றால் ஈசான் கடைக்குப் போங்கள். வடகிழக்குத் தாய்லாந்துச் சாப்பாடு அது. ‘காவ் நியாவ்’ என்ற ஒட்டும் அரிசிச் சோறு மூங்கில் கூடையில் வரும். கொஞ்சம் கிள்ளி, விரல் நுனியில் உருட்டி, தொக்கிலோ பப்பாளிக்காயின் சாற்றிலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். கூடையை மூடி வையுங்கள், திறந்து கிடந்தால் சோறு காய்ந்து இறுகிவிடும்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம். ஆனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மீன் சாறு வந்துவிடும். அங்கே மீன் சாறு உப்புக்குச் சமம். அதை ஒரு அசைவப் பொருளாகவே யாரும் நினைப்பதில்லை. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் போடுவதில்லை.

இரண்டு சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ‘மங்ஸவிராட்’ என்பது ஒன்று. மாம்சம், விரதி என்ற வடமொழிச் சொற்களிலிருந்து வந்தது. இறைச்சி இல்லை, ஆனால் முட்டையும் பாலும் உண்டு. மற்றொன்று ‘ஜே’. சீன வழியில் வந்த தூய சைவம். முட்டை, பால் கிடையாது. பூண்டு, வெங்காயம் கூடக் கிடையாது. வெங்காயம் பூண்டு சேர்க்காத வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது ஜே கடைதான். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த எழுத்து 17 என்ற எண்ணைப் போலத் தெரியும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மஞ்சளில் சிவப்புப் பதினேழைத் தேடுங்கள்.

சாதாரணத் தெருக்கடையில் என்றால் இப்படிச் சொல்லுங்கள்: ‘மங்ஸவிராட். மை ஸை நாம் பிளா, மை ஸை நாம் மன் ஹொய்.’ மீன் சாறு போடாதீர்கள், சிப்பிச் சாறு போடாதீர்கள். கூடவே ‘ஸை ஸீயூ’ என்றால் அதற்குப் பதில் சோயாச் சாறு போடுவார்கள். இதை வைத்து முட்டைச் சோறு, டோஃபு போட்ட கப்ராவ், ‘பட் பக் புங்’ எல்லாம் கேட்கலாம். பட் பக் புங் என்பது வள்ளைக்கீரை வறுவல், இலங்கைக்காரர்கள் கங்குங் என்பது அதைத்தான். தீ வாணலிக்குள்ளேயே ஏறி எரியும், கீரை பச்சை மாறாமல் இறங்கும்.

கேட்கக் கூடாதவை: குழம்புகள், தோம் யாம் என்ற புளிப்பும் காரமுமான சூப், ரச நூடுல்ஸ். குழம்புக்கு அரைக்கும் விழுதிலேயே ‘கபி’ என்ற இறால் தொக்கு இருக்கும். ரசம் எலும்பு போட்டுக் கொதித்தது. இங்கே ‘போடாதீர்கள்’ என்று சொல்லிப் பயனில்லை, ஏற்கெனவே போட்டாயிற்று. வாணலியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அது உங்களுக்கு ஒப்பாது என்றால் ஜே கடை, அல்லது சிலோம் மாரியம்மன் கோயில் பக்கம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில் அது. ஊர்க்காரர்கள் ‘வாட் கேக்’ என்பார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு.

இன்னொரு செய்தி. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாட்கள் ஜே திருவிழா நடக்கும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அந்த நாட்களில் சீனர் பகுதியான யாவராட் தெரு முழுக்க மஞ்சள் கொடிதான். சில ஆண்டுகளில் நவராத்திரியும் அதே நாட்களில் அமைந்துவிடும். 2024-இல் இரண்டும் அக்டோபர் 3-ஆம் தேதியே தொடங்கின. சைவர்கள் பாங்காக் போக அதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

மாட்டிறைச்சி தெரியாமல் கலந்துவிடுமா?

மாட்டைவிடப் பன்றியைப் பற்றித்தான் கவனம் வேண்டும். குவான் யின் அம்மனை வணங்கும் சீன வழிக் குடும்பங்கள் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை, அதனால் பல கடைகளில் அது கிடையாது. பன்றி அப்படியில்லை. நூடுல்ஸின் மேல் தூவும் மொறுமொறுப்பு பன்றிக் கொழுப்பாக இருக்கலாம், ரசம் பன்றி எலும்பில் கொதித்திருக்கலாம்.

படகு நூடுல்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெற்றி நினைவுச்சின்னம் பக்கம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் விற்கிறார்கள், முன்பு கால்வாயில் படகில் விற்றது. அந்தக் கரிய ரசத்தில் பன்றி அல்லது மாட்டு இரத்தம் சேர்ப்பது வழக்கம். சாப்பிடுகிறவர்களுக்கு அது பெரும் சுவை. வேண்டாதவர்கள் முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஹலால் கிடைக்குமா?

நன்றாகவே கிடைக்கும். வண்டியிலோ கண்ணாடியிலோ சாய்சதுர வடிவ ஹலால் முத்திரையைப் பாருங்கள். முஸ்லிம் கடைகளில் ‘காவ் மோக் கை’ கேளுங்கள். மஞ்சள் நிறக் கோழிப் பிரியாணி அது, பச்சை நிறத்தில் புளிப்பும் இனிப்புமான ஒரு துவையலோடு வரும். மஸமன் குழம்பின் பெயரே முசல்மான் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஏலம், பட்டை, கிராம்பு, உருளைக்கிழங்கு எல்லாம் இருப்பதால் நம் நாக்குக்கு உடனே பிடிபடும்.

பட் தாய் எல்லோரும் சொல்கிறார்களே, அவ்வளவு பழமையான சாப்பாடா?

பட் தாய் என்ற நூடுல்ஸ் வறுவல் பழையது இல்லை. பிபுன் சோங்க்ராம் முதன்முறை பிரதமராக இருந்த 1938–44 காலத்தில் அரசே ஊக்குவித்துப் பரப்பியது. அவர் காலத்தில்தான், 1939-இல், சயாம் என்ற பெயர் தாய்லாந்து ஆனது. சீன நூடுல்ஸை எடுத்துப் புளியும் பனைச் சர்க்கரையும் மீன் சாறும் சேர்த்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

தட்டின் ஓரத்தில் ஒரு வாழைப்பூத் துண்டு பச்சையாக வரும். அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கள்ளன் எடுத்து, பொடியாக நறுக்கி, மோரில் போட்டு என்று நாம் படும் பாடு எதுவும் இல்லை, அப்படியே கடித்துக்கொள்கிறார்கள். நூடுல்ஸின் இனிப்புக்கு அந்தத் துவர்ப்பு சரியான துணை. எலுமிச்சையைப் பிழிந்து, வேர்க்கடலைத் தூளைக் கலந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஆறினால் கட்டியாகிவிடும்.

தோம் யாமில் குச்சி குச்சியாகக் கிடக்கிறதே, மெல்ல வேண்டுமா?

வேண்டாம். நாம் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிடுங்கள். குச்சி எலுமிச்சைப்புல், வட்ட வட்டமாக இருப்பது பேரரத்தை. இருமலுக்குக் கஷாயம் போடும் சித்தரத்தையின் இனம். இரட்டை இலை போல இருப்பது ஒரு வகை எலுமிச்சையின் இலை. எல்லாம் மணத்துக்குத்தான். இறால் போட்ட தோம் யாம் குங்கை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புளிப்பும் காரமுமாக, மழைநாளில் நம் ரசம் தரும் அதே ஆறுதலைத் தரும். ‘நாம் ஸாய்’ என்றால் தெளிந்த ரசம், ‘நாம் கோன்’ என்றால் பால் சேர்த்துக் கெட்டியானது.

தண்ணீர், ஐஸ் எல்லாம் நம்பலாமா? வயிறு கெடாதா?

புட்டித் தண்ணீர் குடியுங்கள், மலிவுதான். ஐஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள குழாய் வடிவ ஐஸ் என்றால் சுத்திகரித்த நீரில் ஆலையில் செய்து மூட்டையாக வருவது. ஆறு ஆண்டுகள் தினமும் அதைத்தான் குடித்தேன்.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இரண்டே. ஒன்று, பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்களா? தினமும் வருகிறவர்களுக்குச் சமைக்கிற கடை தவறு செய்தால் மறுநாளே தெரிந்துவிடும். இரண்டு, பொருள் தீர்ந்து தீர்ந்து வருகிறதா? மதியம் இரண்டு மணிக்குக் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தால் நல்ல கடை, நாளைக்குச் சீக்கிரம் வாருங்கள். வெயிலில் நிரம்பி வழியும் தட்டுகளும் ஆளில்லாத மேசைகளும் என்றால் தாண்டிப் போய்விடுங்கள். இந்த விதியை மீறி ஒருநாள் மாலை ஆளே இல்லாத ஒரு கடையில் கணவாய் வாங்கித் தின்று, இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன்.

உங்களுக்கோ குழந்தைகளுக்கோ வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் ‘பே துவா’ என்று சொல்ல வேண்டும், இறால் என்றால் ‘பே குங்’. தாய்லாந்து எழுத்தில் ஓட்டல் வரவேற்பறையில் எழுதி வாங்கிக் கையில் வைத்துக் காட்டுவது இன்னும் பாதுகாப்பு. ஒவ்வாமை கடுமையானது என்றால் ஒரே வாணலியில் எல்லாம் புரளும் கடை வேண்டாம்.

எவ்வளவு ஆகும்? கார்டு எடுப்பார்களா?

அந்த ஊர்ப் பணம் பாட். ஒரு தட்டு கப்ராவ் சோறு பெரும்பாலும் 50 முதல் 80 பாட் வரை. இறால், கணவாய் என்றால் கூட. ‘தம்மதா’ என்றால் சாதாரண அளவு, ‘பிஸெட்’ என்றால் கூடுதல் அளவு, அதற்குப் பத்துப் பாட் போல அதிகம். முடிந்ததும் ‘கெப் தாங்’ என்றாலோ ‘செக் பின்’ என்றாலோ கணக்குப் பார்ப்பார்கள். சாப்பிட்ட பிறகுதான் காசு.

சுவரில் கியூஆர் அட்டை தொங்கும். அது முக்கியமாக அந்த நாட்டு வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்காக வைத்தது. கார்டு எடுக்க மாட்டார்கள், ஆகவே ரொக்கம். காலையிலேயே 1000 பாட் நோட்டை நீட்டி அந்த அம்மாவைத் திணறவைக்காதீர்கள். 20, 50, 100 நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் மகிழ்ச்சிதான்.

எந்த நேரத்துக்கு எதைத் தேடிப் போவது?

காலையில் ‘ஜோக்’ என்ற குழைந்த அரிசிக் கஞ்சி, இஞ்சி தூவி வரும். கூடவே ‘பாதோங்கோ’ என்ற பொரித்த மாவு, சோயாப் பால். மதியம் தாம் ஸங் கடைகளும் குழம்புக் கடைகளும் ‘காவ் மன் கை’ எனும் வேகவைத்த கோழிச் சோறும். இருட்டிய பிறகு யாவராட். திங்கட்கிழமை போகாதீர்கள், நடைபாதையைச் சுத்தம் செய்வதற்காகத் தெருவோர வண்டிகள் பல அன்று வருவதில்லை.

மிஷலின் நட்சத்திரம் வாங்கிய தெருக்கடை இருக்கிறதாமே?

ஜே ஃபாய் கடை. பனிச்சறுக்குக்காரர்போல் கண்ணாடி அணிந்து, கரி அடுப்பில் தானே நின்று சமைக்கும் மூதாட்டி. நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டி பாங்காக்குக்கு வந்த முதல் பதிப்பிலேயே, 2017 டிசம்பரில், ஒரு நட்சத்திரம் கிடைத்தது. நண்டு ஆம்லெட் புகழ்பெற்றது. அவருடைய உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் விலை மற்ற தெருக்கடைகளைப் போலப் பல மடங்கு, காத்திருப்பு மணிக்கணக்கில். மூன்று நாளே இருக்கிறீர்கள் என்றால் அந்த நேரத்தில் ஐந்து கடைகளைப் பார்த்துவிடலாம். நான் அப்படித்தான் அழைத்துப் போவேன்.

குழந்தைகளுக்கு?

காவ் மன் கை (சாறைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்), ‘கை ஜியாவ்’ எனும் உப்பிய ஆம்லெட் வைத்த சோறு, ‘கேங் ஜூட்’ என்ற காரமில்லாத தெளிந்த சூப். குழந்தையைப் பார்த்தாலே மிளகாயை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். இருந்தாலும் ‘மை பெட்’ சொல்லிவிடுங்கள்.

இனிப்பு என்ன சாப்பிடலாம்?

ஏப்ரல், மே என்றால் மாம்பழமும் ஒட்டும் அரிசியும், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நாம் டோக் மாய் என்ற நீண்ட மாம்பழம். சோற்றின்மேல் உப்புச் சேர்த்த தேங்காய்ப்பால், அதன்மேல் வறுத்த பாசிப்பருப்பு. அந்த உப்புதான் பழத்தை இன்னும் இனிக்க வைக்கிறது.

‘கனோம் க்ரோக்’ வண்டியைக் கண்டால் நின்றுவிடுங்கள். நம் பணியாரச் சட்டி போலவே குழிகள் உள்ள சட்டி. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும். அடி முறுகி, நடு தளதளவென்று இருக்கும். வெங்காயத்தாளோ சோளமோ தூவுவார்கள். சூடாக வாயில் போட்டால் நாக்கு பொத்துவிடும், பிளந்து ஆறவைத்துச் சாப்பிடுங்கள். குடிக்க ‘நாம் அஞ்சன்’, அதாவது சங்குப்பூ நீர். நீல நிறம், எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாகிவிடும். பிள்ளைகளிடம் பிழியக் கொடுங்கள்.

மிச்சத்தைக் கட்டிக் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். ‘கிளாப் பான்’ என்றால் ‘வீட்டுக்கு’ என்று பொருள், பார்சலுக்கும் அதையேதான் சொல்ல வேண்டும். குழம்பு, ரசம், ஐஸ் காப்பி எதுவானாலும் நெகிழிப் பைதான். பைக்குள் காற்று அடைத்துத் தலையணை போல உப்ப வைத்து, ரப்பர் பேண்டை இரண்டு விரலில் மாட்டி ஒரு சுழற்றுச் சுழற்றி இழுப்பார்கள், முடிந்தது. அறைக்கு வந்து பிரிக்கத்தான் தெரியாமல் எல்லோரும் பல்லால் கடித்துச் சட்டையில் கொட்டிக்கொள்கிறார்கள். ரப்பர் பேண்டில் ஒரு முனை மட்டும் சின்ன வளையமாக வெளியே நிற்கும். பையைக் கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்துவிட்டு, அந்த முனையைப் பிடித்துச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் அவிழ்த்துக்கொண்டே வாருங்கள். தானாக விடுபடும்.